எழுபது வளைவு தாங்கும் கேமிங் பொட்டி

காரவல்லி அடிவாரத்தில் ஆரம்பித்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வளைவுக்கு வளைவு இறங்கி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதே பாதையில், கோவையிலோ சென்னையிலோ படிக்கும் ஒரு செம்மேட்டு மாணவன் செமஸ்டர் லீவுக்குத் தன் கேமிங் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். (மாணவியும்தான். கேம் ஆடுவது பையன்களின் தனிச்சொத்து இல்லை.) அந்தப் பொட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

இணையத்தில் இதற்குப் பதில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அத்தனை பதிலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: முதலில் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடு, அதற்கு ஏற்ற ப்ராசஸரை எடு, இரண்டுக்கும் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ் வாங்கு, கடைசியில் எல்லாம் அடங்குகிற கேபினட் பார். இந்த வரிசை நகரத்தில் ஒரே மேஜை மீது ஐந்து வருடம் அசையாமல் இருக்கப் போகிற கம்ப்யூட்டருக்குச் சரி. மலைக்கும் ஹாஸ்டலுக்கும் அலையப் போகிற பொட்டிக்கு இதைத் தலைகீழாகப் போட வேண்டும். நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. என்ன லோடு, எந்த ரோடு என்று தெரிந்த பிறகுதான் அங்கே பாடி கட்டுவார்கள். பஸ், வீட்டு பிளக் பாயின்ட், பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் கடை, இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு கிராபிக்ஸ் பக்கம் கடைசியாக வருவதுதான் கொல்லிமலைக்கு ஏற்ற வரிசை.

பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். சிறிய கம்ப்யூட்டர் ஆசாமிகள் கேபினட்டை லிட்டரில் அளப்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் உபயோகமான கணக்கு. வழக்கமான டவர் கேபினட் 40 லிட்டருக்கு மேல் போகும். தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால், டவர் கேபினட் கிட்டத்தட்ட மூன்று குடம். மூன்று குடத்தோடு கூட்டமான மலை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை. 2001-ல் தைவானின் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் என்ற மினி ஐ.டி.எக்ஸ் மதர்போர்டு அளவைக் கொண்டுவந்தது. அதைச் சுற்றித்தான் இன்றைய சிறிய கேபினட்டுகள் எல்லாம் வளர்ந்தன. ஆனால் "சிறியது" என்ற பெயரில் விற்கும் எல்லாமே சிறியதல்ல. சின்ன கேபினட் பட்டியல்களில் தவறாமல் வரும் கூலர் மாஸ்டர் என்.ஆர்.200, 18 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேல்! மேஜையில் அழகாக இருக்கும், மடியில் இருக்காது.

அடுத்தது குலுக்கல். வளைவுகளில் வண்டி இடமும் வலமும் சாயும்போது, கேபினட்டுக்குள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பொருள்தான் முதலில் அடி வாங்கும். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள கிராபிக்ஸ் கார்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்லாட்டையும் இரண்டு ஸ்க்ரூவையும் நம்பித் தொங்குகிறது. உயரமான டவர் கூலர் மதர்போர்டையே நெம்புகோல் போல இழுக்கிறது. ஒரு தடவை தாங்கும். போக 70, வர 70, வருடத்துக்கு நாலைந்து தடவை என்று கணக்குப் போட்டால், தொங்குகிற எதுவும் உள்ளே இல்லாத பொட்டிதான் நிம்மதி. சுழலும் ஹார்டு டிஸ்க்கும் வேண்டாம். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி இருக்கும்போது அதற்கு இனி வேலை இல்லை.

இப்படிப் பார்த்தால் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல், ப்ராசஸருக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் வைத்திருக்கும் சிப்பில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். "அதெல்லாம் கேமிங் ஆகுமா?" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் பத்து வருடம் முந்தைய நினைப்பில் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் ஏ.எம்.டி. விற்பனைக்குக் கொண்டுவந்த ரைசன் 7 8700ஜி, ரைசன் 5 8600ஜி இரண்டும் 65 வாட் சிப்புகள். வேலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ 5 போன்றவை இவற்றில் 1080பி-யில் தாராளமாக ஓடும். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்களுக்கு செட்டிங்கைக் கீழே இறக்க வேண்டும், அப்ஸ்கேலிங்கும் போட வேண்டும். அது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் இறுக்கமாக இருக்கும் வீட்டில் 8600ஜி-யே போதும். மிச்சப் பணம் போக வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன.

அப்படி ஒரு இடம் ராம். இந்தச் சிப்புகளின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ராம் வேகம் குறைந்தால் கேமும் நொண்டும். கடைகளில் பழக்கமாகச் சொல்லும் ஒரு யோசனை உண்டு: "இப்ப ஒரே 16 ஜி.பி. போட்டுக்கங்க தம்பி, அப்புறமா இன்னொண்ணு சேத்துக்கலாம்." தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. இங்கே நேர் எதிர். ஒரே ராம் என்றால் டேட்டா போய்வரும் பாதை பாதியாகிவிடும், கிராபிக்ஸ் வேகமும் பலமாக அடிபடும். ஒரு 16-க்குப் பதில் இரண்டு 8 போடுவதே சரி. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் ராம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தப் பிரிவையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. "அப்புறமா சேத்துக்கலாம்" என்பதை நம்புகிற காலம் இல்லை இது.

இனி பிளக் பாயின்ட். நகரத்து விமர்சகர்கள் யாரும் எழுதாத விஷயம் வோல்டேஜ். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் மலைக் கிராமத்து வீட்டில் சாயங்காலம் பல்பு மங்குவது எல்லோரும் பார்த்ததுதான். மலிவான சில எஸ்.எம்.பி.எஸ்.களின் லேபிளில் 200 முதல் 240 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கேம் நடுவில் கம்ப்யூட்டர் படுத்துவிடும். 100 முதல் 240 என்று போட்டிருந்தால் அந்தக் கவலை குறைவு. லேப்டாப் அடாப்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கடையில் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிக்க அரை நிமிடம்தான் ஆகும். டப்பாவின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் மின்னுகிற முத்திரையை விட இந்தச் சின்ன எழுத்து முக்கியம்.

கரண்ட் கட் இன்னொரு பக்கம். எல்லாக் கடையிலும் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ், சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ் 5090 கார்டு ஒன்றே 575 வாட் கேட்கும். அதை எவரும் மலைக்குத் தூக்கிவரப் போவதில்லை, ஆனால் நடுத்தர கார்டு போட்ட கம்ப்யூட்டரே மானிட்டரையும் சேர்த்தால் அந்த யு.பி.எஸ்.ஸை மூச்சுத் திணற வைக்கும். 65 வாட் சிப் மட்டும் உள்ள பொட்டி முழு வேகத்தில் ஓடினாலும் 120 வாட் அடாப்டருக்குள் அடங்கும். கரண்ட் போனால் கேமை சேவ் செய்து ஒழுங்காக மூட நேரம் கிடைக்கும்.

இந்த எல்லாக் கணக்குக்கும் ஒத்துவரும் ஒரு பொட்டி அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்600. 155 மில்லிமீட்டர் நீளம், 155 அகலம், 80 உயரம். இரண்டு லிட்டர்கூட இல்லை! கேபினட், மதர்போர்டு, 19 வோல்ட் வெளி அடாப்டர் மூன்றும் சேர்ந்தே வரும். ப்ராசஸர், கூலர், ராம், எஸ்.எஸ்.டி மட்டும் வாங்கிப் போட வேண்டும். கூலர் 47 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. இதில் போடுவது லேப்டாப் ராம். லேப்டாப் ரிப்பேர் நடக்கும் எந்த ஊரிலும் லேப்டாப் ராம் இருக்கும், ஆக சேலத்திலோ நாமக்கல்லிலோ மாற்றிக்கொள்ளலாம். மாறாக, மினி ஐ.டி.எக்ஸ் கேபினட்டுகள் பலவற்றுக்கு வேண்டிய எஸ்.எஃப்.எக்ஸ் என்ற சின்ன எஸ்.எம்.பி.எஸ் மாவட்டத்துக் கடைகளில் சட்டென்று கிடைக்காது. பெரும்பாலும் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். லீவு பதினைந்து நாள், பார்சல் வர பத்து நாள் என்றால் என்ன பிரயோஜனம்?

இதிலும் ஓட்டை இருக்கிறது. டெஸ்க்மினியின் மதர்போர்டு தனி அளவு. அது போனால் பக்கத்துக் கடையில் வேறு வாங்கி மாட்ட முடியாது. ஆனாலும் ப்ராசஸரும் எஸ்.எஸ்.டி-யும் தப்பித்துவிடும். ஏ.எம்.5 சாக்கெட் உள்ள எந்தச் சாதாரண போர்டிலும் அந்த ப்ராசஸரைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் மிளகு விற்ற காசில் ஒரு பங்கை எடுத்து வாங்கியது, ஒரேயடியாகக் குப்பைக்குப் போகாது.

கேமிங் லேப்டாப்பை விட இது மேலானதற்குக் காரணமும் இதுவேதான். லேப்டாப்பில் ப்ராசஸரும் கிராபிக்ஸும் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. போர்டு போனால் எல்லாம் போச்சு. ஆனால் லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது, வகுப்புக்கும் எடுத்துப் போகலாம். வாரா வாரம் ஊருக்குப் போகிறவன், வகுப்பிலும் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறவன், ஒன்றுக்குத்தான் வீட்டில் காசு இருக்கிறது என்ற நிலையில் உள்ளவன் லேப்டாப்பே வாங்கலாம். அவனிடம் போய் "அசெம்பிள் செய்" என்பது வறட்டுப் பிடிவாதம். தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிக் கொடுத்த இலவச லேப்டாப் மாதிரி, படிப்பு வேலைக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று கையில் இருக்கிறவனுக்குத்தான் இந்த இரண்டு லிட்டர் பொட்டி. கையடக்கக் கேமிங் கருவிகளும் உண்டு. பஸ்ஸிலேயே ஆடலாம், உண்மை. ஆனால் எழுபது வளைவில் குனிந்து ஏழு அங்குலத் திரையைப் பார்ப்பவன் வயிறு என்ன கதியாகும் என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியை விடப் பத்து சதவீதம் போலக் குறைவு. அதனால் அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சற்றுக் குறைவான சூட்டைத்தான் வெளியேற்றும். ஆனால் மலைக் காற்றே குளிர்ச்சியாக இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. சோதனை மே மாதத்து ஹாஸ்டல் அறையில்தான். மலையில் நன்றாக ஓடியதை வைத்து கூலர் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் கீழே இறங்கியதும் ஃபேன் அலறும். மலையின் தொல்லை சூடல்ல, ஈரம். ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் மாதக்கணக்கில் மூடி வைத்த பொட்டியை விட தினமும் ஓடுகிற பொட்டி நன்றாக இருக்கும், தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் தப்பில்லை. குளிரில் வந்த பொட்டியைச் சூடான அறையில் எடுத்தவுடன் ஆன் செய்யாமல் ஒரு மணி நேரம் விட்டு வைப்பது நல்லது.

கிராபிக்ஸில் மிச்சம் பிடித்த காசு போக வேண்டிய முக்கியமான இடம் எஸ்.எஸ்.டி. இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜி.பி.யைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் பால்டர்ஸ் கேட் 3-க்கும் 150 ஜி.பி. இடம் வேண்டும். மரத்துக்கு மரம் சிக்னல் மாறும் ஊரில் போன் டேட்டாவில் இதை இறக்க முயன்றால் லீவு முடிந்துவிடும். ஆகவே கேம்களைக் கீழேயே இறக்கி, கிளம்பும் முன் ஹாஸ்டலில் ஒருமுறை திறந்து பார்த்து, ஸ்டீமை ஆஃப்லைன் மோடில் போட்டு மலைக்கு எடுத்துப் போக வேண்டும். 512 ஜி.பி. இதற்குப் பத்தாது, ஒரு டி.பி. வேண்டும். ஆன்லைனில் மட்டுமே ஆடக்கூடிய வேலொரன்ட் ஊரில் உதவாது. வீட்டில் உதவுவது தனியாக ஆடும் கேம்கள், இல்லாவிட்டால் ஒரே திரையில் இரண்டு பேர் ஆடும் கேம்கள்.

திரை என்றதும் டி.வி. ஞாபகம் வருகிறது. 2006-ல் தொடங்கி அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது குழாய் டி.வி., எச்.டி.எம்.ஐ. கிடையாது. ஆசைப்பட்டு ஏமாற வேண்டாம். எல்.இ.டி. டி.வி. இருக்கும் வீட்டில் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும், செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட்டால் சரி. எதுவும் இல்லாத வீட்டுக்கு 15.6 அங்குலப் போர்ட்டபிள் மானிட்டர். அது பொட்டியோடு ஒரே பையில் அடங்கிவிடும். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட் மட்டும் வேண்டாம். அப்படியே இன்னொரு கன்ட்ரோலரும் பையில் இருக்கட்டும், வீட்டில் தம்பி தங்கை காத்துக்கொண்டிருப்பார்கள்.