ஜெயமங்கலத்துக்கும் கணக்குக் காட்டுங்கள்

தேனி மாவட்டத்தின் சோத்துப்பாறை அணை தன் முழு உயரமான 126.28 அடியைத் தொட்டதும், மறுகால் பாயும் தண்ணீர் வராக நதியில் இறங்குகிறது. பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் எனக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட செய்தி தண்டோராவாக வரும். அடிப்பவரைச் சிறுமைப்படுத்தும் அந்த வழக்கத்தைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் நிறுத்தியது. சரியான முடிவு. இன்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி வருகிறது. அதற்கும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி ஓடிவிடுகிறது. ஆனால் டவர் கிடைத்தால்தான்.

மழை கொட்டும் இரவில்தான் ஆற்றில் வெள்ளம் வரும். அதே இரவில்தான் கரண்டும் போகும். கரண்டு போனபின் பேட்டரி தாங்கும்வரை தாங்கும் செல்போன் கோபுரம், டீசல் ஊற்ற ஆள் வராவிட்டால் அடங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்கள் நாள்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்ததை மறந்துவிட்டோமா? உதவி கேட்கவும் வழியில்லாமல், சாலைக்கு வந்து கைகாட்டி நின்றார்கள் மக்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகும், ஒரு கோபுரம் மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் இயங்கும் என்று அதன் கீழே குடியிருக்கும் ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இணைய இணைப்பு கிராமத்துக்குச் செய்திருக்கும் நன்மையை மறுப்பவர்கள் அல்ல நாம். வாழைத்தார் விலையைத் தரகர் வாயிலிருந்து கேட்க வேண்டிய நிலை மாறியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் முகத்தைத் தாய் தினமும் பார்க்கிறாள். செய்தித்தாள், தொலைக்காட்சி, வங்கி, பள்ளிப் பாடம் எல்லாம் ஒரே கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அதனால்தான் அது நின்றுபோகும்போது எல்லாம் சேர்ந்தே நின்றுபோகிறது.

பழைய வழிகளை ஒவ்வொன்றாக மூடியது யார்? 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டது. தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பு நாடு முழுவதும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. மொட்டைமாடி ஆன்டெனா துருப்பிடித்துப் போனது. பொதுத்துறையான பிஎஸ்என்எல்லில் இருந்து 2020 ஜனவரியில் ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். கம்பத்தில் ஏறிக் கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் இல்லாததால் தரைவழித் தொலைபேசியும் பல ஊர்களில் செத்துக் கிடக்கிறது. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. இவற்றில் சிலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைப்பவர்கள், அந்தக் கதவு பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

நூறு நாள் வேலையில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம்; இரண்டிலும் இடமும் நேரமும் பதிவாக வேண்டும். கண்மாய்க்குள் சிக்னல் இருக்காது. பணித்தளப் பொறுப்பாளர் போனை உயர்த்திப் பிடித்தபடி கரைமேல் ஏறி நடக்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயதான பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள், படம் ஏறியதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. காலை முதல் வெட்டிய மண் கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் அது சாட்சி ஆகாது. உழைத்தவருக்குக் கூலி மறுக்க, கிடைக்காத சிக்னலைக் காரணமாக்கிய இந்த ஏற்பாட்டை அநீதி என்றுதான் சொல்ல வேண்டும்.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். கைரேகை வைத்தால் ‘சர்வர் கிடைக்கல, நாளைக்கு வாங்க’ என்கிறார்கள். அந்த நாளை என்பது ஒரு நாள் கூலி.

இனி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிகளுக்கு வருவோம். நம் கண்டனத்தின் மையம் இதுதான். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சேவைத்தர விதிகளின்படி, சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். மாதக் கட்டணக்காரருக்குக் கட்டணத்தில் கழிவு. ரீசார்ஜ் செய்பவருக்குக் கூடுதல் நாட்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முடக்கத்தை அளக்கும் அலகு மாவட்டம்! தேனி மாவட்டம் முழுவதும் முடங்கினால்தான் அது முடக்கம். ஜெயமங்கலத்தில் மூன்று நாள் டவர் இல்லை, பெரியகுளத்தில் இருக்கிறது என்றால் விதியின் கண்ணுக்கு எதுவுமே நடக்கவில்லை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே பழனி மலை, தெற்கே வருசநாட்டு மலை எனச் சூழ்ந்திருக்கும் இந்த மாவட்டத்தில், ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் சிக்னல் இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. குரங்கணியையும் மேகமலையையும் தேனி நகரத்தோடு சேர்த்து ஒரே அலகாக அளப்பது எந்த ஊர் நியாயம்?

கட்டணத்தில் மட்டும் இந்தச் சராசரி கிடையாது. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. உயர்வு சென்னை அண்ணா நகருக்கும் ஜெயமங்கலத்துக்கும் ஒன்றுதான். வசூலிக்கும்போது ஒவ்வொரு எண்ணாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, சேவையை அளக்கும்போது மட்டும் ஊர்வாரியாகக் கணக்குப் பார்க்க முடியவில்லையா? எந்தக் கோபுரம் எப்போது அடங்கியது, எப்போது உயிர்பெற்றது என்பது நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் நிமிடக்கணக்கில் பதிவாகிறது. தகவல் இருக்கிறது, அதை வெளியிடும் மனம்தான் இல்லை.

அரசின் கம்பிவழி இணைப்பும் நம் கேள்விக்குத் தப்பாது. எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. இரண்டே ஆண்டில் முடிப்போம் என்றார்கள். பெயர் பாரத்நெட் என்று மாறியது. கெடு நீண்டுகொண்டே போனது. 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் நின்று, ஆயிரம் நாட்களில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் கேபிள் வரும் என்றார் பிரதமர். அந்த ஆயிரம் நாட்கள் 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டன. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணைக்கும் பொறுப்பு தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. டெண்டர் நிபந்தனைகள் குறித்த புகாரில் மத்திய அரசு தலையிட்டு 2020-இல் அந்த டெண்டரையே ரத்து செய்ய வைத்தது. யார் தவறு என்ற சண்டையில் காலம் போனது ஊராட்சிகளுக்கு.

இப்போது ‘சேவைக்குத் தயார்’ என்றொரு பட்டியல் காட்டுகிறார்கள். ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், உள்ளே கருவி. அது வந்து இறங்கினாலே ஊர் இணைக்கப்பட்ட கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிகிறதா, பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அங்கிருந்து கம்பி போயிருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. மலைக்கு அப்பால் கேரளம், 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கும்போதே அரசு அலுவலகங்களையும் ஏழைக் குடும்பங்களையும் இலக்காக வைத்தது. அங்கும் தாமதம் உண்டு, குறை உண்டு. ஆனால் இலக்கு வீடு. நமக்கோ, பெட்டியோடு வேலை முடிந்துவிடுகிறது.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகக் கருத்துச் சொல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றது. அரசு ஆணை போட்டு இணையத்தை முடக்கினால் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. டீசல் இல்லாமல் முடங்கினால் யாரிடம் கேட்பது?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. ட்ராய் தன் விதியில் மாவட்டம் என்ற சொல்லை நீக்கி ஊராட்சி என்று எழுத வேண்டும். கோபுரவாரியான முடக்கப் பதிவுகளை மாதந்தோறும் தமிழில் வெளியிடச் செய்ய வேண்டும். வெள்ள அபாயமுள்ள ஆற்றங்கரை ஊர்களின் கோபுரங்களுக்குக் குறைந்தபட்ச மின்சேமிப்பைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் தாளில் போடும் கையெழுத்தும் செல்லும் என்று கூலிக்கும் ரேஷனுக்கும் எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். டான்ஃபிநெட், ‘தயார்’ பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வோர் ஊராட்சியிலும் இணைப்பு எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தது என்ற பட்டியலைத் தர வேண்டும். கொடைக்கானல் பண்பலை டேட்டா கேட்பதில்லை. இரவிலும் நிகழ்ச்சிகளை இடைநிறுத்தி அணை எச்சரிக்கைகளை ஒலிபரப்ப அதற்கு நிலையான உத்தரவு வேண்டும். செல்போனில் எஃப்எம் வசதியை முடக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரைதான் கூறியது. அதைக் கட்டளையாக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. ஜெயமங்கலத்து மக்களும் வராக நதிக்கரை ஊர்களின் மக்களும் அன்று எழுந்து நின்று, எங்கள் ஊர்க் கோபுரம் கரண்டு இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கேள்வியைத் தீர்மானமாகவே எழுதச் சொல்ல வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.