சீட்டு கிழிந்தால் வண்டியை விற்பதா?

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியதும் சந்தோஷப்படுத்தியதும் ஒரே பொருள்தான். எங்கள் பழைய வண்டியின் டிரைவர் சீட்டு. ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற வெளி விளிம்பில் தோல் வெடித்து, உள்ளேயிருக்கும் மஞ்சள் ஃபோம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "இந்த மாடலுக்கு இனிமே சீட்டு வராது சார், எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க" என்றார்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பாடியில் துரு இல்லை. ஒரு முழம் தோல் போனதற்கு முழு வண்டியையும் தலைமுழுகச் சொல்வது என்ன நியாயம்? 'ரிப்பேர் பண்ண முடியாது' என்ற பேச்சோடு எனக்கிருக்கும் பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். மிக்ஸிக்காகவும் குடைக்காகவும் போட்ட சண்டையை இப்போது கார் சீட்டுக்காகப் போடுகிறேன்.

சந்தோஷம் கிடைத்தது மும்பையின் சீத்தா கேம்பில். மான்கூர்டு ஸ்டேஷனில் இறங்கி ட்ராம்பே பக்கம் போனால் வரும் அந்தக் குடியிருப்பில் தமிழ்க் குரல் கேட்காத தெரு குறைவு. அங்கே சீட்டு வேலை செய்யும் திருநெல்வேலிக்காரப் பாய் ஒருவர் வண்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தோலுதான் செத்திருக்கு அண்ணாச்சி, சீட்டு சாகல" என்றார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன லேபிள் இருக்கிறதா என்று தேடினார். எங்கள் வண்டியில் இல்லை. "இருந்திருந்தா அந்தப் பக்கத் தையல்ல கை வைக்க மாட்டேன். மோதுற நேரத்துல பிஞ்சு வழிவிட வேண்டிய தையல் அது. மேல ரெடிமேட் கவரை இறுக்கி மாட்டி அதை அடைச்சுப்புடுறாங்க" என்றார். ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கவர் வாங்குகிற எல்லோரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பிறகு சீட்டைக் கழற்றி, கம்பி வளையங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உறையை உருவினார். பழைய தையலைப் பிளேடால் பிரித்துத் துண்டு துண்டாக ஆக்கி, வெடித்த துண்டைப் புதுத் தோல்மேல் விரித்து, சாக்பீஸால் ஓரம் வரைந்தார். அந்தக் கிழிந்த தோல்தான் அவருக்கு அளவு. பிரித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. உடம்பு படுகிற இடத்தில் மட்டுமே தோல். பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் ரெக்ஸின். லெதர் சீட் என்று விற்கப்படும் பல வண்டிகளில் இதுதான் நிலைமை. வெயிலும் வியர்வையும் தோலின் மேல்பூச்சைத் தின்றுவிட, உள்ளே காய்ந்து வெடிக்கிறது. வெடித்த துண்டை மட்டும் மாற்றி, நைந்த ஃபோமுக்கு ஒட்டுப் போட்டு, நைலான் நூலில் தைத்தால் இன்னும் பல வருஷம் தாங்கும்.

தோல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "தாராவிலதான். ஃபோம் குர்லாவுல. காலையில போனா மத்தியானத்துக்குள்ள ரெண்டையும் வாங்கிட்டு வந்துருவேன்" என்றார். சீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்த என்னை இந்தப் பதில் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கல்பனா சர்மா 2000-ல் ஆங்கிலத்தில் எழுதிய தாராவிப் புத்தகத்தை இந்தப் பத்தியில் நான் எத்தனையோ முறை சிபாரிசு செய்திருக்கிறேன். இன்னொரு முறையும் செய்கிறேன். குடிசை என்று உலகம் பார்த்த இடத்தைத் தொழில் நடக்கிற ஊராகப் பார்த்தவர் அவர். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சந்தில் என்ன செய்கிறார்கள் என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். நம் ஆட்களின் தோல் தொழில் அதில் விரிவாக வருகிறது. தாராவிக்கு முதல் தோல் பதனிடும் ஆலை வந்தது 1887-ல் என்பார்கள். ஆடு மாடு அறுக்கும் இடம் அன்றைக்கு பாந்த்ராவில், கழியைத் தாண்டினால் தாராவி. பச்சைத் தோல் வெயிலில் கிடந்தால் அழுகும் என்பதால் பக்கத்திலேயே பதனிட்டார்கள். திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் ஆலை வைத்தார்கள். அதே சீமையின் ஆதிதிராவிடர்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். பாந்த்ரா அறுப்புக்கூடம் மூடி 1971-ல் தேவ்னாரில் புதியது திறந்தது. ஆலைகளையும் அங்கே போகச் சொன்னார்கள். பல ஆலைகள் போகவில்லை, மூடிவிட்டன. இன்றைக்கு தாராவிக்குப் பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை அறுப்பதற்கும் தடை வந்தபோது தோல்காரர்களுக்கு இன்னோர் அடி. எருமைக்குத் தடையில்லை. எங்கள் சீட்டுக்கு வந்ததும் எருமைத் தோல்தான்.

ஒரு தொழில் பிழைத்திருக்கச் சரக்கு, கைவேலை, வாடிக்கை மூன்றும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதைச் சீத்தா கேம்புக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் முன்பு ட்ராம்பேயின் ஜனதா காலனியில் இருந்தார்கள். அந்தக் காலனியே நகரத்தின் வேறு இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சி கொண்டுபோய் வைத்த இடம். அந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்றபோது, கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் ஜனங்களைத் திரட்டி, கோர்ட்டிலும் தெருவிலும் வருஷக்கணக்கில் போராடினார். பின்னாளில், 2000-ல், மகசேசே விருது பெற்றவர் அவர். ஆனால் நெருக்கடி நிலை வந்தது. 1976 மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்பின் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வாப்பாவுக்கு அங்க தையல் கடை. இங்க இடம் குடுத்தாங்க, வாடிக்கை குடுக்கலையே அண்ணாச்சி" என்றார் பாய். முழங்கால் சேற்றைத் தாண்டி யார் துணி தைக்க வருவார்கள்? மறுபடி கடை என்று ஒன்று வைக்க அவர் தகப்பனாருக்குப் பல வருஷம் பிடித்திருக்கிறது.

இப்போது தாராவியின் முறை. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான் இடம். அதற்காக ஒதுக்கிய நிலங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் ஒன்று. 1927 முதல் மும்பை குப்பை கொட்டிய இடம் அது. சீத்தா கேம்ப் இருக்கும் அதே எம் கிழக்கு வார்டு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கிய திசையிலேயே மறுபடியும் இறக்கப் பார்க்கிறார்கள்.

நல்ல வீடு யாருக்கும் வேண்டாததல்ல. குழாயும் கழிப்பறையும் காற்றும் வரட்டும். ஆனால் மாடி அறையில் பை தைக்கிறவரைத் தேவ்னாருக்கு அனுப்பினால் அவருக்குத் தோல் விற்ற கடைக்காரருக்கும் நஷ்டம், அவரிடம் பை வாங்கிய வியாபாரிக்கும் நஷ்டம். வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு இருக்கிறது. இந்தத் தொடர்புக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

அதிகாரிகளிடம் என் கோரிக்கை ஒன்றுதான். தாராவியில் ஒரு மாடி அறையையாவது காலி செய்யச் சொல்வதற்கு முன், அங்கே இருப்பவர் என்ன வேலை செய்கிறார், சரக்கு எங்கே வாங்குகிறார், யாருக்கு விற்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தொழிலுக்கும் தாராவிக்குள்ளேயே இடம் கொடுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் சீத்தா கேம்புக்கு வாருங்கள். 1976-ல் தங்களிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.