படம் பொய் சொல்லாதாம்!



நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் எங்கோ நடக்கும் போரின் படங்கள் தினமும் வந்து விழுகின்றன. கைகட்டி மண்டியிட்ட கைதி, ரத்தத்தில் கிடக்கும் பிள்ளை. "ஏம்ப்பா இதை அனுப்புற?" என்று கேட்டால், "படம் பொய் சொல்லாது சார்" என்று பதில் வருகிறது. சொல்லும். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1968 பிப்ரவரி 1. சைகோன் தெருவில் தென் வியட்நாம் போலீஸ் தலைவர் நுயென் நொக் லோன், கைகட்டப்பட்ட ஒருவரைத் தலையில் சுடுகிறார். அதைப் படமெடுத்த எடி ஆடம்ஸுக்கு 1969-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கைதியைச் சுட்டது குற்றம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனாலும் படம் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்று 1998-இல், லோன் இறந்த பிறகு, எழுதியவர் அந்த ஆடம்ஸேதான். எடுத்தவருக்கே அந்தத் தயக்கம். அனுப்புகிற நமக்கு?

பார்க்கிற கண்ணும் ஒரே மாதிரி இல்லை. மசுடா, நிஸ்பெட் என்ற இரு உளவியலாளர்கள் ஜப்பானிய மாணவர்களுக்கும் அமெரிக்க மாணவர்களுக்கும் ஒரே மீன்காட்சியைக் காட்டினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. அமெரிக்கர்களைவிட ஜப்பானியர்கள் பின்னணியையும், எது எதோடு சேர்ந்திருந்தது என்பதையும் அதிகம் சொன்னார்கள். மீனுக்கே இப்படி என்றால், அழுகிற முகத்துக்கு? ஓரத்தை வெட்டி, மேலே நான்கு வரி வசை எழுதி அனுப்பும்போது, நீங்கள் அனுப்புவது படத்தை அல்ல, உங்கள் கோபத்தை.

சட்டத்துக்கு வருவோம். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 13-ஆவது பிரிவு. போர்க்கைதியை அடிக்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவமதிப்பிலிருந்தும், ஊரார் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. அதில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், உங்கள் கைப்பேசியை அல்ல. அதனால் என்ன? எதிரியின் சிப்பாய்க்கே உலகம் ஒப்புக்கொண்ட மரியாதையை, சோபாவில் சாய்ந்துகொண்டு நாம் பறிக்கலாமா?

"அப்படியானால் கொடுமையை மூடி மறைக்கச் சொல்கிறீர்களா?" என்று சட்டம் படித்த என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மறைக்கச் சொல்லவில்லை. 1972 ஜூன் 8, திராங் பாங். நாப்பாம் நெருப்பில் உடை எரிந்து ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக்கின் படத்தை உலகம் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. 2016-இல் ஃபேஸ்புக் அதை நிர்வாணம் என்று நீக்கியது மடத்தனம். நார்வேயின் ஆஃப்டன்போஸ்டன் நாளிதழ் வெளிப்படையாக எதிர்த்தது, ஃபேஸ்புக் பணிந்தது.

ஆனால் அந்தப் படத்துக்குத் தேதி உண்டு, ஊர் உண்டு, சிறுமிக்குப் பெயர் உண்டு. நிக் உட் என்ற புகைப்படக்காரர் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். படத்தை எடுத்தது அவர்தானா என்ற சந்தேகம் எழுந்ததால், 2025-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது. ஏபி செய்தி நிறுவனமோ, மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு படத்தை இப்படித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். நமக்கோ இரண்டு விநாடி போதுமாயிருக்கிறது!

சாட்சி சொல்வது வேறு, வேடிக்கை காட்டுவது வேறு. யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று தெரியாத படம் சாட்சி ஆகாது. தெரிந்த படமாகவே இருந்தாலும், அதில் இருப்பவரின் தாய் இந்தக் குழுவில் இருந்தால் அனுப்புவீர்களா என்று ஒருமுறை யோசியுங்கள்.

குழுவில் நம் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், சண்டை போடலாம். படம் மட்டும் வேண்டாம்.