பேரிக்காயும் குளிர்ப்பெட்டியும்



நானுஓயாவை அண்டிய ஒரு தோட்டத்தின் மாதர் சங்கத்தினர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். லயத்துக்குப் பின்னால் நிற்கும் பேரி மரங்கள் பருவம் வந்ததும் ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளுகின்றன. வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. "டவுன் கடையில வெளிநாட்டு பியர்ஸ் மாசக்கணக்கா பளபளன்னு இருக்கு. நம்ம காய் மட்டும் பிரிட்ஜில வச்சாலும் பத்து நாள்ல உள்ளே கறுத்துப் போகுது. சங்கத்துல எல்லாருமா சேர்ந்து கடன் எடுத்து ஒரு பிரீசர் வாங்கினா, காயை வச்சிருந்து நல்ல விலைக்கு விக்கலாமாக்கா?" என்பதே அந்தக் கேள்வி.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. சிறுகடன் பெண்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறுகடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. ஆகவே, ஒரு பொருளை வாங்கக் கடன் எடுக்கும் முன், அந்தப் பொருள் நமது தேவைக்குச் சரிவருமா என்று விசாரிப்பது அவசியம். அதற்கு முதலில் பேரிக்காயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கு வந்த மரம்

தேயிலையைப் போலவே பேரியும் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த மரந்தான். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் சின்கோனா நாற்றுகளுக்காக ஆரம்பிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு மரக்கறிகளையும் பழமரங்களையும் இந்தக் குளிர் மலைகளில் நட்டுப் பார்த்தார்கள். அவற்றிற் சில நிலைத்தன, சில நிலைக்கவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா சென்ற நம்மவர்களில் பலர் நீலகிரி, கொடைக்கானல் பக்கங்களில் குடியேறினார்கள். அங்கும் பேரி விளைகிறது. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களும் உண்டு. இந்தப் பக்கத்தை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்து வாசிக்கும் சில சகோதரிகளுக்கு, சிறுவயதில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்த அந்தக் கெட்டிக் காய் ஞாபகம் வரலாம்.

எல்லாப் பேரியும் ஒன்றல்ல

உலகில் பல நூறு வகைப் பேரிகள் இருக்கின்றன. நாம் இரண்டு பெரும் பிரிவுகளை அறிந்தாற் போதும்.

முதலாவது ஐரோப்பியப் பேரி. காம்புப் பக்கம் ஒடுங்கி, அடிப்பக்கம் பருத்திருக்கும். வில்லியம்ஸ், அஞ்சூ, கொன்பரன்ஸ், பக்காம் என்பவை இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. இவை மரத்தில் கல்லுப்போல இருக்கும். பறித்து வைத்த பின்னரே வெண்ணெய்போலக் கனியும்.

இரண்டாவது ஆசியப் பேரி. பெரும்பாலும் அப்பிளைப் போல உருண்டையாக இருக்கும். சீனா, யப்பான், கொரியா ஆகிய நாடுகளில் அதிகம் விளைகிறது. இது மரத்திலேயே உண்ணும் பதத்துக்கு வந்துவிடும். எத்தனை நாள் வைத்திருந்தாலும் வெண்ணெய்போல ஆகாது. கடித்தால் நறுக்கென்று சாறு விடும்.

ஐரோப்பியப் பேரி மரம் நன்றாகப் பூக்க, குளிர்காலத்தில் பல நூறு மணித்தியாலங்கள் கடுங்குளிர் வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், அங்கே தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் உறைபனி விழுவதோடு கடுங்குளிர் முடிந்துவிடுகிறது. குறைந்த குளிரோடு திருப்தியடையும் கெட்டியான வகைகளே இப்படிப்பட்ட இடங்களில் நன்றாகக் காய்க்கும். லயத்துப் பேரிக்காயைக் கடிக்கும்போது மணல் கடிபடுவது போலிருப்பது ஏன் தெரியுமா? சதைக்குள் கல்லணுக்கள் என்ற தடித்த அணுக்கள் கூட்டங் கூட்டமாக இருப்பதனால்தான். இது நோயுமல்ல, மருந்தடித்ததன் விளைவுமல்ல. எல்லாப் பேரியிலும் இது உண்டு. வகைக்கு வகை அளவு வேறுபடும்.

உள்ளே இருப்பது என்ன?

100 கிராம் ஐரோப்பியப் பேரியில் ஏறத்தாழ 84 கிராம் தண்ணீர், 10 கிராம் சீனி, 3 கிராம் நார்ப்பொருள் இருக்கின்றன. அது தரும் சக்தி 57 கிலோ கலோரி. ஆசியப் பேரியில் தண்ணீர் 88 கிராம், சீனி 7 கிராம், நார்ப்பொருள் மூன்றரைக் கிராம் அளவில் இருக்கும். சக்தி 42 கிலோ கலோரி. இரண்டிலும் விற்றமின் சி 4 மில்லிகிராம் அளவுதான். அதே 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராம் அளவுக்கு விற்றமின் சி உண்டு. பேரியில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு.

"அப்படியானால் இதைச் சாப்பிட்டு என்ன பயன்?" என்று கேட்பீர்கள். பேரியில் சோர்பிட்டோல் என்ற ஒருவகை இனிப்பு இருக்கிறது. நமது குடல் இதை முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து மலத்தை இளக்குகிறது. நார்ப்பொருளும் சேர்ந்து உதவுகிறது. குருதிச்சோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் பல பெண்கள், மலச்சிக்கல் தாங்காமல் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குத் தோலோடு ஒரு பேரிக்காய் கைகொடுக்கும். ஆனால் மாத்திரைக்குப் பதிலாகப் பேரிக்காய் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மாத்திரையை விழுங்கியவுடன் தேநீர் குடிக்காதீர்கள். தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கொய்யாவோ தேசிக்காய்ச் சாறோ எடுத்தால் நன்றாகச் சேரும்.

நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பேரிக்காய்ச் சாற்றை அதிகமாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரலாம்.

பறித்த பின்னும் உயிர் உண்டு

மரத்திலிருந்து பறித்த காய் சும்மா இருப்பதில்லை. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. உள்ளே இருக்கும் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகிறது. எதிலீன் என்ற வாயுவை வெளிவிடுகிறது. இந்த வாயுதான் பழுக்க வைக்கும் தூண்டுதல். அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையக் கரையக் காய் மெதுவாகிறது. புளிப்பு குறைகிறது, மணம் எழுகிறது. குளிர் இந்த வேலைகளையெல்லாம் மெதுவாக்குமே தவிர, நிறுத்தாது.

ஐரோப்பியப் பேரியில் ஒரு வேடிக்கை உண்டு. அது ஒழுங்காகக் கனிவதற்கே சிறிது காலம் குளிரில் இருக்கவேண்டும். வில்லியம்ஸ் வகைக்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். அஞ்சூ வகைக்கு இரண்டு மாதமளவு தேவை. அதன்பின் 18 - 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கு முதல் ஏழு நாட்களில் கனிந்துவிடும். மரத்திலேயே பழுக்கவிட்டால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நடுப்பகுதி பழுப்பாகிக் கெட்டுவிடும்.

வெளிநாட்டுப் பேரி மாதக்கணக்கில் இருப்பதன் இரகசியம் இதுதான்: பதமறிந்து கெட்டியாகப் பறிக்கிறார்கள். உடனே பூச்சியம் பாகைக்கும் அதற்கு ஒரு பாகை கீழுக்கும் இடையிலுள்ள குளிருக்குக் கொண்டுபோகிறார்கள். பேரியில் சீனி கரைந்திருப்பதால் அந்தக் குளிரில் அது உறையாது. அறையின் ஈரப்பதனை 90 - 95 வீதத்தில் வைக்கிறார்கள், இல்லாவிட்டால் தோல் சுருங்கும். நீண்ட காலம் வைப்பதாயின் அறையிலுள்ள ஒட்சிசனையும் மிகவும் குறைத்துவிடுகிறார்கள். இத்தனை செய்தாலும் எல்லை உண்டு. சாதாரண குளிரறையில் வில்லியம்ஸ் இரண்டு மூன்று மாதம், அஞ்சூ ஆறேழு மாதம். அதற்கு மேல் போனால் தோல் மஞ்சளாகும், ஆனால் சதை கனியாமல் மாவுபோலாகும், நடுப்பகுதி கறுக்கும். இருக்கும் கொஞ்ச விற்றமின் சியும் நாட்போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

ஆசியப் பேரியின் போக்கு வேறு. குளிரில் அதன் இனிப்பும் கெட்டித்தன்மையும் அதிகம் மாறுவதில்லை. ஆனால் உள்ளே பழுப்பு நிறம் ஏறுவதும், ஈரம் போய்ச் சுருங்குவதும் நடக்கும்.

ஏன் கறுத்தது?

இப்போது சங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். அவர்கள் காயை எப்படி வைத்தார்கள் என்று விசாரித்தபோது நான்கு காரணங்கள் தெரியவந்தன.

ஒன்று, உலுக்கி விழுத்திய காய்களும் அதில் இருந்தன. அடிபட்ட இடம் முதலில் கறுக்கும். எதிலீனும் கூடுதலாக வெளிவரும்.

இரண்டு, பொலித்தீன் பையில் போட்டு இறுக்க முடிந்து வைத்திருந்தார்கள். காய் சுவாசிக்கும்போது வெளிவரும் கரியமிலவாயு பைக்குள்ளேயே தேங்கும். அது கூடினால் பேரியின் உட்சதை கறுக்கும். பையில் ஊசியால் பல துளைகள் இடவேண்டும் அல்லது தாளில் சுற்றி வைக்கவேண்டும்.

மூன்று, பக்கத்தில் வாழைப்பழமும் மாம்பழமும் இருந்தன. அவற்றின் எதிலீன் பேரியையும் அவசரப்படுத்தும்.

நான்கு, வீட்டுக் குளிர்ப்பெட்டியின் குளிர் பெரும்பாலும் 4 - 5 பாகை. கதவை அடிக்கடி திறந்தால் இன்னும் ஏறும். பூச்சியம் பாகையில் மாதக்கணக்கில் நிற்கும் காய் இதில் வாரக்கணக்கில்தான் நிற்கும்.

பிரீசர் இதைவிட மோசம். அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. பேரியில் பெரும்பங்கு தண்ணீர் அல்லவா? அது பனிக்கட்டியாகி அணுக்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் காய் களிபோலாகிவிடும். பச்சைக் காயாக விற்பதற்குப் பிரீசர் உதவவே உதவாது. ஆகவே அந்தக் கடனை எடுக்க வேண்டாம் என்றே சொன்னேன்.

கடன் இல்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் மரத்துக் காய் எந்தக் குணமுள்ளது என்று பாருங்கள். அடிபடாத ஐந்து காய்களைக் காம்போடு கையால் பறித்து, வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். காம்புக்கு அருகில் பெருவிரலால் தினமும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அவ்விடம் இளகினால் அது கனியும் வகை. இளகத் தொடங்கிய அன்றே விற்கவோ சாப்பிடவோ வேண்டும். இளகாமல் கெட்டியாகவே இருந்தால் அது பொறுத்திருக்கும் வகை. அதற்காக வியாபாரியிடம் அவசரப்பட வேண்டியதில்லை. எத்தனை நாள் நிற்கிறது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். "இன்றைக்கே கொடுக்காவிட்டால் அழுகிவிடும்" என்று அவர் சொல்லும்போது, அது உண்மையா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவசரத்தில் விற்பவளுக்கு விலை பேச வாயிருக்காது.

எல்லாக் காயையும் ஒரே நாளில் பறிக்காமல் இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள். தரம் பிரித்து வையுங்கள். இரவுக் குளிர் படும், காற்றோட்டமான அறை போதும்.

வெயில் கூடிய இடங்களில் உள்ள சகோதரிகளுக்கு வேறொரு வழி உண்டு. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் மின்சாரம் தேவைப்படாத குளிர் அறையொன்றை உருவாக்கியது. செங்கல்லால் இரட்டைச் சுவர் கட்டி, இடைவெளியில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். வன்னியின் வரண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும், மரக்கறிகளையும் வைக்கலாம். மழையும் மூடுபனியுமான நுவரெலியாவில் பலன் குறைவு.

விலைபோகாத கெட்டிக் காயை அச்சாறாகவும் ஜாமாகவும் செய்யலாம். ஜாமுக்கு அதிகம் கனிந்த காயை எடுக்காதீர்கள். பெக்டின் சிதைந்திருப்பதால் ஜாம் இறுகாது. இப்போதுதான் இளகத் தொடங்கிய காயை எடுத்து, தேசிக்காய்ச் சாறு சேருங்கள். பேரியின் புளிப்பு மட்டும் போதாது. போத்தல்களைக் கொதிநீரில் நன்றாக அவித்துக் காயவைத்த பின்பே நிரப்புங்கள். முதலில் நாலைந்து போத்தல் செய்து பார்த்து, விலைபோனால் மாத்திரம் கூட்டுங்கள்.

கணவனை இழந்தோ, பிரிந்தோ, தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியே சுமக்கும் நம்மிடம் "இந்த மெசினை வாங்குங்கள், அந்தக் கடனை எடுங்கள்" என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பேரி என்றில்லை, மாம்பழமோ பப்பாசியோ மீனோ எதுவானாலும், அது எந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்கும், மின்கட்டணம் எவ்வளவு வரும், தவணையைக் கட்டிய பின் கையில் என்ன மிஞ்சும் என்ற மூன்றையும் அவர்களிடமே கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் பருவத்தில் வீணாகும் பொருள் எது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.