நாலு தெரபி... ஒரு டம்ளர் தண்ணீர்!

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. லீவு நாள் என்றால் ஆற்றில் குளிக்க வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அங்கேயே குடியிருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை. 'ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்' என்கிறது ஊர். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகோ ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்று நாலு பக்கம் கை காட்டுகிறார்கள். திருச்சி சுமார் 70 கிலோமீட்டர். போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

விட வேண்டியதில்லை. நாலையும் ஒரே இலக்கில் கட்டினால் போதும்.

உதாரணத்துக்கு, 'தண்ணீர் கேட்பது' என்ற இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஓரிடத்தில் அமைதியாக நிற்க, முதலில் கொஞ்சம் குதிக்கவும் ஊஞ்சலாடவும் வைப்பது ஆக்குபேஷனல் தெரபி. டம்ளர் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குவது ஸ்பீச் தெரபி. கேட்ட நொடியில் தண்ணீர் கொடுத்துப் பாராட்டுவது நடத்தைப் பயிற்சி. அதே படத்தை வகுப்பிலும் பயன்படுத்துவது சிறப்புக் கல்வி. படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். பேச்சுக்கு அது தடையல்ல.

மிச்சம் வீட்டில்தான். தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பார். தாகம் தினமும் பத்துத் தடவை வருமே! கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. அதில் பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் நிபுணர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். அந்தப் பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது கூடியது.

உதவி எங்கே? அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பல தெரபிகளை ஒரே கூரையின்கீழ் தர, தமிழ்நாடு அரசு 'விழுதுகள்' மையங்களைத் திறந்து வருகிறது. 'மருந்திலேயே குணமாக்குகிறேன்' என்பவர்களிடம் மட்டும் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. கண் அசந்தால் நழுவிப் போய்விடுவார்கள். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் டீக்கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

இந்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஓர் இலக்கு. எந்த தெரபிஸ்ட்டிடம் போனாலும் அதே நோட்டு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கட்டும். நாலு பேரும் நாலு வீட்டுப்பாடம் கொடுத்து அம்மாவைத் திணறடிக்காமல் இருக்க, அதைவிட எளிய வழி இல்லை!