உமிச் சாம்பலுக்கு விலை வைக்க வேண்டும்

காங்கேயத்திலோ செங்குன்றத்திலோ அரிசி ஆலைகளின் பின்பக்கம் போனால் சாம்பல் மேடுகளைப் பார்க்கலாம். அள்ளினால் கை கறுக்கும். அரைகுறையாக எரிந்த உமி வடிவம் கலையாமல் உள்ளே கிடக்கும். காற்றடித்தால் அக்கம்பக்கத்தில் துணி காயப்போட முடியாது. இந்தச் சாம்பல் சிமென்ட்டில் ஒரு பங்கை ஈடுகட்டும் என்பது புதுச் செய்தியல்ல. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா 1970-களிலேயே இதை ஆராய்ந்தார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-உம் 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதி தந்துவிட்டது. பிறகு ஏன் மேடு கரையவில்லை?

கோளாறு அடுப்பில் இருக்கிறது. உமியிலுள்ள சிலிக்கா சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் எரிந்தால்தான், சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து பிணைப்பாக மாறும். சூடு மிஞ்சினால் மணல்போலச் சும்மா கிடக்கும். சரியாக எரியாவிட்டால் கரி தங்கி, கலவை தண்ணீரைக் குடிக்கும். ஆலைக்காரர் கொதிகலனை மூட்டுவது நெல் அவிக்கத்தான். சாம்பலின் பக்குவத்துக்குத் தனி விலை கிடைக்காதபோது அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலையும் சந்தை தானாகவே அரவணைத்துக்கொள்ளவில்லை. அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று 1999-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை போட்டது. இன்று நாம் வாங்கும் பி.பி.சி. வகைச் சிமென்ட் மூட்டைகளில் 15 முதல் 35 சதவீதம் வரை அந்தச் சாம்பல்தான். உமிக்கு அப்படி வாதாட ஆளில்லை.

அதற்காக உமி உலகைக் காப்பாற்றிவிடும் என்று கிளம்பவும் கூடாது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட்டின் கணக்கு. நூறு கிலோ நெல்லில் உமி இருபது கிலோ. சாம்பல் நாலே கிலோ. நாட்டில் விளையும் சுமார் 20 கோடி டன் நெல்லின் உமி முழுவதையும் எரித்தாலும் 80 லட்சம் டன்தான் தேறும். நாம் ஆண்டுக்குத் தயாரிக்கும் சிமென்ட்டோ 40 கோடி டன்னுக்கு மேல்.

கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால் அருமையான இடத்தில் போட வேண்டும். நன்றாக அரைத்த உமிச் சாம்பல் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்குவது குறைகிறது. நாகப்பட்டினம் கரையில் மீன் இறங்குதளமோ கடைமடை மதகோ கட்டுவோருக்கு இதன் அருமை தெரியும். அரிசி ஆலைகள் அருகே டெல்டாவிலும் இருக்கின்றன. அத்தகைய வேலைகளின் ஒப்பந்தப் புள்ளியில் பொதுப்பணித்துறையும் நீர்வளத்துறையும் இந்தச் சாம்பலைச் சேர்த்து, லோடுக்கு லோடு பரிசோதிக்கும் செலவையும் மதிப்பீட்டிலேயே காட்டட்டும். தேறிய லோடுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று தெரிந்தால், கொதிகலனை மாற்றுவதா வேண்டாமா என்று ஆலைக்காரரே கணக்குப் போட்டுக்கொள்வார்.