ஒரே சாலை, ஐந்து முதலாளிகள்: டெல்லியில் ஒரே போக்குவரத்து அமைச்சகம் வேண்டும்



பொங்கல் முடிஞ்சு சென்னை திரும்பும்போது கிளாம்பாக்கத்துல இறங்கியிருப்பீங்க. ஒரு கையில பை, தோள்ல தூங்குற குழந்தை. பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தாங்க. ஜிஎஸ்டி சாலையைத் தாண்டினா செங்கல்பட்டு – கடற்கரை ரயில் பாதை. ஆனால் திறந்த அன்னிக்கு அங்கே மின்சார ரயில் நிற்க ஒரு நிறுத்தம் இல்லை.

யாரைக் கேட்பீங்க? பேருந்து மாநில அரசு. சாலை, ஒன்றிய நெடுஞ்சாலை அமைச்சகம். தண்டவாளம், ரயில்வே அமைச்சகம். அதே சாலையில மீனம்பாக்கம் விமான நிலையம், அதுக்கு விமானப் போக்குவரத்து அமைச்சகம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டணும்னா வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தோட ஒப்புதல் வேணும். வீட்டுவசதிக்கும் மெட்ரோவுக்கும் என்ன சம்பந்தம்னு எங்களைக் கேட்காதீங்க!

ஒரு சாலைக்கு ஐந்து முதலாளிகள். அதில் நாலு பேர் டெல்லியில். துறைமுகத்துக்கு இன்னொரு அமைச்சகம் தனியா இருக்கு. 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' என்று நமக்கு வகுப்பெடுக்கிறவங்களால, தங்களோட சொந்த அமைச்சகங்களை ஒரு மேசையில உட்கார வைக்க முடியல.

இது நாம் புதுசா கண்டுபிடிச்ச கோரிக்கை இல்லை. ராகேஷ் மோகன் தலைமையிலான தேசியப் போக்குவரத்து வளர்ச்சிக் கொள்கைக் குழு 2014-லேயே ஒருங்கிணைந்த போக்குவரத்து அமைச்சகம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1966-ல் சட்டம் போட்டு, சிதறிக் கிடந்த 30-க்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே துறைக்குள் கொண்டுவந்தாங்க.

இங்கேயும் 1985-ல், ராஜீவ் காந்தி ஆட்சியில், ரயில், விமானம், சாலை, கப்பல் எல்லாத்தையும் ஒரே அமைச்சகம் ஆக்கினாங்க. அடுத்த வருஷமே பிரிச்சுட்டாங்க. காரணம் பெரிய ரகசியம் இல்லை. பெயர்ப்பலகை ஒண்ணாச்சு, பணப்பெட்டி ஒண்ணாகல. ரயில்வேக்குத் தனி பட்ஜெட் அப்படியே இருந்தது. 2017-ல் அந்தத் தனி பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டோட சேர்ந்தாச்சு. இன்னும் என்ன தடை?

"டெல்லி கையில இன்னும் அதிகாரத்தைக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று நம்ம தோழர்களே கேட்பாங்க. கேட்கணும். நம் பதில் தெளிவானது. மாநிலச் சாலைகள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கு. அதையும், கிராமம் கிராமமாகப் போகும் நம் அரசுப் பேருந்துகளையும் தொடவே கூடாது. ரயிலும் விமானமும் தேசிய நெடுஞ்சாலையும் ஏற்கெனவே டெல்லி கையில்தான் இருக்கு. அந்த நாலு கதவை ஒரே கதவாக்குங்க என்றுதான் கேட்கிறோம். அந்தக் கதவுக்குள்ளே மாநிலங்களுக்கு நிரந்தர இருக்கை வேணும். இல்லேன்னா, 2025-ல் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களைத் திருப்பி அனுப்பின மாதிரி ஒரே கையெழுத்துல எல்லாத்தையும் திருப்பி அனுப்புவாங்க.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு விஷயம் பாதுகாப்பு. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில் பாதுகாப்பு ஆணையம் எந்த அமைச்சகத்தின் கீழ் இருக்கு தெரியுமா? விமானப் போக்குவரத்து அமைச்சகம்! விசாரிக்கிறவர் ரயில்வேயின் கீழ் வேலை பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அமைச்சகங்களை ஒண்ணாக்கினா அந்தத் தடுப்புச் சுவர் இடிஞ்சுடும். குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒரே வீட்டில் இருப்பாங்க. அமெரிக்கா 1975-ல் விபத்து விசாரணை வாரியத்தைத் துறையிலிருந்து வெளியே எடுத்துத் தனி அமைப்பாக்கியது. நமக்கும் நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் விசாரணை ஆணையம் வேணும். அது இல்லாத இணைப்பை நாம் ஆதரிக்க மாட்டோம்.

1956 நவம்பரில் அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனாங்க. அன்னிக்கு லால் பகதூர் சாஸ்திரி வகித்த பொறுப்பின் பெயரே 'ரயில்வே, போக்குவரத்து'. அவர் பதவி விலகினார். பொறுப்பு யாருடையது என்று யாரும் தேட வேண்டியிருக்கல. இன்னிக்கு ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போது ஒருத்தர் அடிபட்டா, அது நெடுஞ்சாலையா, ரயில்வேயா, பேருந்து நிலையமா என்று கோப்பு மட்டும் சுத்தும்.

உங்க ஊரிலும் பேருந்து நிலையம் ஒரு பக்கம், ரயில் நிலையம் ஒரு பக்கம் கிடக்கும். நடுவில எவ்வளவு தூரம், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்கிறாங்க, எந்தத் துறைக்கு மனு போட்டீங்க, என்ன பதில் வந்தது என்று ஊர் பெயரோடு கீழே எழுதுங்க. நம் எம்.பி.க்கள் அவையில் கேள்வி எழுப்ப அந்த விவரம்தான் வேணும்.

#ஒரேகதவுபோதும்